வெள்ளை வீசாமல் யாரும் இறங்குவதில்லை

பினாங்கில் மீன்தலைக் கறி என்றால் எங்கள் கடைதான். துறைமுகத்தில் இறங்குகிற எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், கை காட்டி அனுப்புவார்கள். அந்தக் கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் நான் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினேன். காரியம் இரண்டு. ஒன்று, கடைக்கு மாவாட்ட நல்லதாக ஒரு ஆட்டுக்கல். இன்னொன்று, என் அக்கா செல்லம்மாளைப் பார்ப்பது. நாங்கள் இரண்டு பேருமே பினாங்கில் பிறந்தவர்கள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அப்பா அக்காவை மட்டும் கூட்டிப்போய் சிங்கம்புணரிப் பக்கம் பூலாங்குடி என்கிற கிராமத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். அதோடு சரி. "நம்ம ஊரு, நம்ம ஊரு" என்று அப்பா வாய் ஓயாமல் சொன்ன அந்தச் சீமை எனக்கு முழு அந்நிய தேசம்.

திருச்சியில் ஏறிய பஸ் கிளம்பும்போதே இருமியது. கானாடுகாத்தான் வந்ததும் டயர் வெடித்து உட்கார்ந்துவிட்டது. டிரைவரும் கண்டக்டரும் ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, நான் தண்ணீர் கேட்டுத் தெருவுக்குள் போனேன். அம்மாடி! தெருவா அது? இந்த முனையில் வாசல் வைத்தால் அடுத்த தெருவில் புழக்கடை முடிகிற வீடுகள். வாசலில் யானை நுழையலாம். ஆனால் பாதிக் கதவில் பூட்டு. ஒரு வீட்டுக் காவல்காரர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். இந்த வீட்டுக்காரர்கள் எங்கே என்று கேட்டேன்.

"பினாங்குல இருக்காக" என்றார்.

"நானும் அங்கேயிருந்துதான் வர்றேன்."

"அப்படியா? பார்த்தீகன்னா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க. சுண்ணாம்பு அடிச்சு ரொம்ப நாளாச்சு" என்று, பினாங்கு ஏதோ அடுத்த தெரு மாதிரி சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றைக்குக் காரைக்குடியில் தங்கல். சாப்பாட்டுக் கடைக்காரிக்கு அடுத்தவர் கடைச் சாப்பாடு லேசில் இறங்காது. ஆனால் அந்த ஊர் வெண்டைக்காய் மண்டி என்னை மடக்கிவிட்டது. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து என்னமோ மாயம் செய்கிறார்கள். சமையல்காரரைக் கூப்பிட்டுப் பக்குவம் கேட்டேன். பாதி சொல்லிக்கொண்டு வந்தவர், எனக்கும் கடை இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொன்னதும் நிறுத்திவிட்டார். "அதான பார்த்தேன், சட்டியை இப்படி மோந்து பார்க்கீகளேன்னு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மிச்சப் பாதியை நானாகக் கண்டுபிடித்ததுதான் இன்றைக்கும் எங்கள் கடையில் ஓடுகிறது.

மறுநாள் சிங்கம்புணரி பஸ் நிலையத்தில் இறங்கினேன். எதிரே ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸ். அதன் வாசலில் நின்றுகொண்டு ஒல்லியாக ஒருவர் பறையை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குமாஸ்தாக்கள் கலவரம் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

"பூலாங்குடிக் கண்மாய் வார வெள்ளிக்கிழமை அழியுது சாமியோ! ஊத்தா இருக்கவுக ஊத்தா கொண்டாங்க, வலை இருக்கவுக வலை கொண்டாங்க! வெள்ளை வீசாம யாரும் எறங்கப்படாது! பிடிச்ச மீனை விக்கப்படாது! வந்தவுக வெறுங்கையோட திரும்பப்படாது!"

"யோவ், இது ஆபீஸுய்யா!" என்று ஒரு குமாஸ்தா கத்தினார்.

"தெரியுஞ்சாமி. ஆபீஸுக்குத்தான் சொல்ல வந்தேன். எல்லாரும் வந்துருங்க" என்றார் பறைக்காரர். அடுத்து அவர் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பூலாங்குடி என்று காதில் விழுந்ததால் பின்னாலேயே போய் விசாரித்தேன். பெயர் கருப்பையா. நான் இன்னார் தங்கச்சி என்றதும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டார். "அம்பலத்து வீட்டுக் கொழுந்தியாவா! நீங்க வாரீகன்னு ஊரே பேசிக்கிட்டு இருக்கு."

ஊருக்கு நடக்கிற வழியிலேயே கருப்பையா எனக்கு விஷயத்தை விளங்கவைத்தார். கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும் ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பறை போகும். ஊரும் சனமும் கரையில் வந்து காத்திருக்கும். ஊர்த் தலைவரான அம்பலம் வெள்ளைத் துண்டை எடுத்து வீசினால்தான் தண்ணீரில் கால் வைக்கலாம். பிறகு யார் எதைப் பிடித்தாலும் அவரவருக்கு. அன்றோடு மீன் தீர்ந்துவிடும், அதைத்தான் கண்மாய் அழிகிறது என்கிறார்கள். அந்த அம்பலம்தான் என் அக்கா வீட்டுக்காரர், பெரியணன் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபிறகு பார்த்தால், அவள் என்னைப் பார்த்த சந்தோஷத்துக்கு மட்டும் அழவில்லை. "ஏத்தா, நல்ல நேரத்துல வந்த. இந்த மனுசன் வெள்ளிக்கிழமை செயிலுக்குப் போகப் போறாருடி!" என்றாள்.

"வா கொழுந்தியா. அக்கா மூஞ்சிதான் ஒனக்கும். வாய் மட்டும் கூடன்னு கேள்விப்பட்டேன்" என்று சிரித்தார் அத்தான். ஜெயிலுக்குப் போகிறவர் முகமாகவே இல்லை. திடகாத்திரமான ஆள், நரைத்த மீசை, பேச்சில் அவசரமே கிடையாது.

நடந்தது இதுதான். போன மழைக்காலத்தில் மீன்துறை இன்ஸ்பெக்டர் ஒருவர் புதுத் திட்டம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், கண்ணாடி போட்டவர். பானை பானையாகக் கட்லா மீன்குஞ்சு கொண்டுவந்து கண்மாயில் விட்டார். ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. குஞ்சுகளை நீர்க்காகம் தின்றுவிடக் கூடாது என்று வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் கரையில் நின்று விரட்டினார்கள். தூண்டில் போட்ட ஒருவனை அத்தானே பிடித்து அறைந்திருக்கிறார். திட்டத்தை இதைவிட யார் மெச்சிக் காப்பாற்ற முடியும்?

பிறகு ஒரு நோட்டீஸ் வந்தது. கண்மாய் மீனைக் குத்தகைக்கு விடப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொன்னார். ஊர் கூடி யோசித்தது. கண்மாய்க்கு மீன் பிடிக்க வருகிற ஒருத்தரை வராதே என்று சொல்கிற வழக்கம் அந்த ஊருக்குக் கிடையாது. சண்டையில் இருக்கிற ஊர்க்காரன்கூட அன்றைக்கு மட்டும் வரலாம். அப்படியிருக்க சர்க்காருக்கு எப்படி ஆட்சேபணை சொல்வது? மரியாதையாக இருக்காதே! அதனால் ஒன்றும் எழுதவில்லை. மற்ற ஊரைக் கூப்பிடுவது போலவே சர்க்காரையும் பறை போட்டுக் கூப்பிட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதைத்தான் நான் சிங்கம்புணரியில் பார்த்தது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அத்தான், ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா இந்த வம்பே இல்லையே!"

"எதுக்கு கொழுந்தியா எழுதணும்? வரவேணாம்னா எழுதணும். வாங்கன்னுதான சொல்றோம்?" என்றார்.

ஆட்சேபணை எதுவும் வராததால் குத்தகை உறுதியாகிவிட்டது. எடுத்தவர் மதுரை மீன் வியாபாரி. போன வாரம் நேரில் வந்து அத்தானிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: வெள்ளிக்கிழமை ஆளும் வலையும் லாரியும் கொண்டு வருவேன், போலீஸோடு வருவேன், நீ வெள்ளை வீசி ஊரை இறக்கினால் திருட்டுக் கேஸ் போட்டு உன்னை உள்ளே தள்ளுவேன் என்று. அத்தான் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"வீசாம இருந்துட்டா என்ன?" என்று அக்காவைக் கேட்டேன்.

"பறை போட்டு ஊரைக் கூப்புட்டுட்டு வீசாம நின்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ஊருல இருக்கிறது? வீசுனா செயிலு. வீசாட்டி அதவிடக் கேவலம்" என்றாள். அந்த இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. உலையில் அரிசி போட்டுவிட்டு அடுப்பு மூட்ட மறந்து நின்றாள்.

அந்த ஊர்க்காரர்கள் சர்க்கார் எதைக் கொண்டுவந்தாலும் முகம் சுளிக்கிற ரகமில்லை. கரண்டு அந்த வருஷம்தான் வந்திருந்தது. அத்தான் பம்ப்செட்டைப் போட்டுக் காட்டுவதற்காகவே என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். புது நெல்லும் போட்டிருந்தார்கள், அபார விளைச்சல். ஆனால் இலையில் விழுந்த சோறு பழைய நெல்லுச் சோறு. "புது நெல்லு எங்கே?" என்றேன். "அதெல்லாம் புதுவயல் மில்லுக்குப் போகுது. நாங்க திங்கிறதுக்கு இது" என்றாள் அக்கா. சர்க்காருக்கும் குறை வைக்காமல், தங்கள் நாக்குக்கும் குறை வைக்காமல் நடந்துகொள்கிறவர்கள். எங்கள் ஊரில் தோட்டத்துரை சொல்வதற்குத் தலையாட்டியே பழகிய சனத்தைப் பார்த்த எனக்கு இது புதுசு. எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்று மட்டும் என் வியாபாரப் புத்திக்கு எட்டவில்லை. "மீனை வித்தா என்ன அத்தான்? எனக்குச் சோறு போடுறதே மீன்தான்."

"ஒன் மீனு கடல் மீனு. கடலுக்கு யாரு கரை போட்டா? இந்தக் கண்மாய்க்கு வருசா வருசம் வீட்டுக்கு ஒராளு மம்பட்டியோட வந்து கரை போடுறோம். எல்லாரும் கட்டுன கரை. அதுக்குள்ள கெடக்குறதை ஒருத்தன் எப்படி விக்கிறது?" என்றார். அத்தோடு அடுத்த உருண்டையைப் பிசைய ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெளியே வந்து பார்த்த நான் வாயைப் பிளந்தேன். கரை முழுக்கத் தலை. வண்டி கட்டி வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர்கள். கையில் ஊத்தா, அதாவது அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடை. அதை மீன்மேல் கவிழ்த்து, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பிடிப்பது. ஊத்தா இல்லாதவர்கள் பழைய சேலையும் கொசுவலையும் கொண்டு வந்திருந்தார்கள். தண்ணீர் காலடியில் கிடக்கிறது, மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது. அத்தனை சனத்தில் ஒருத்தர் கால் நனையவில்லை. குழந்தைகள்கூட இறங்கவில்லை. பினாங்கில் பஸ் வந்தால் நாங்கள் வரிசையில் நிற்கிற அழகை நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏறுகிற நேரத்துக்கு லாரி வந்தது. பின்னால் ஜீப்பில் மீன்துறை இன்ஸ்பெக்டரும், ஒரு ஏட்டும், ஒரு கான்ஸ்டபிளும். லாரி நிறைய ஐஸ் பெட்டி. அதன்மேல் இழுவலையோடு கூலியாட்கள். புதுவயல் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர்களை ஒரு நாள் வேலைக்குப் பேசி, மில் லாரியையும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார் குத்தகைக்காரர். ஆள் நல்ல கனம். வெள்ளைச் சட்டை, கையில் கடியாரம், நெற்றியில் வியர்வை.

அத்தான் மடைக் கருப்பருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு மடைமேல் ஏறி நின்றார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் பதிந்து வலித்தது, ஆனால் நான் கையை இழுக்கவில்லை.

"வாங்க, வாங்க. கூப்புட்ட மரியாதைக்கு வந்துட்டீக" என்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார் அத்தான்.

"அந்தக் கதையெல்லாம் வேணாம்" என்றார் குத்தகைக்காரர். "முதல்ல என் ஆளுங்க இறங்கிப் பிடிப்பாங்க. டேய், வலையை எடுங்கடா!"

கூலியாட்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்தார்கள். அங்கே நின்றார்கள். கரையைப் பார்த்தார்கள், மடைமேல் நின்ற அத்தானைப் பார்த்தார்கள். வலையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏண்டா, என்ன?"

"வெள்ளை வீசலையேண்ணே" என்றான் ஒருத்தன்.

குத்தகைக்காரர் அவர்களைத் திட்டிய திட்டை நான் எழுதப் போவதில்லை. மூத்தவராக இருந்த ஒரு கூலியாள் மட்டும் எழுந்து நிதானமாகப் பதில் சொன்னார். "நீங்க கோவப்பட்டுப் பிரயோசனம் இல்லண்ணே. எங்க ஊருலயும் கண்மாய் இருக்கு. இங்க நாங்க வெள்ளைக்கு முன்னாடி எறங்கிட்டா, நாளைக்கு எங்க கண்மாயில ஒருத்தன் எறங்குனா நாங்க எந்த வாயால கேக்குறது? மூட்டை தூக்கச் சொல்லுங்க, தூக்குறோம். இது முடியாது."

அவர்கள் இந்த ஊர்க்காரர்களில்லை, அத்தானை முன்பின் பார்த்ததுகூட இல்லை.

குத்தகைக்காரர் ஏட்டைப் பார்த்தார். "தண்ணியில ஆளை இறக்குறது என் வேலை இல்லைங்க. திருட்டு நடந்தா பிடிப்பேன். இங்க எல்லாரும் சும்மாதான நிக்கிறாக?" என்றார் ஏட்டு. அடுத்து குத்தகைக்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் குஞ்சு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. லாரியின் பலகை இடுக்கிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி மண்ணில் ஓடியது. வியாபாரிக்கு ஐஸ் உருகுவதைப் பார்க்கிறபோது வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

"அம்பலம்! என் ஆளை இறங்கச் சொல்லுய்யா!" என்று கடைசியில் அத்தானிடமே கேட்டார்.

"நான் சொல்லி எறங்குறவுக இல்லைங்க. வெள்ளைக்குத்தான் எறங்குவாக. வெள்ளை வீசுனா எல்லாரும் எறங்குவாக. ஒங்க ஆளை மட்டும் எறக்குற வெள்ளை எங்ககிட்ட இல்ல."

குத்தகைக்காரர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், கரையில் இருந்த மூங்கில் கூடைகளைப் பார்த்தார், தன் வலையின் நீளத்தைப் பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. "சரி! கூடையை வச்சுக்கிட்டு இவுங்க எவ்வளவு பிடிச்சுக் கிழிச்சிடப் போறாங்க? என் வலைக்கு முன்னாடி நிக்குமா? வீசுய்யா! வெள்ளையை வீசித் தொலை!"

அத்தான் அவசரப்படவில்லை. "ஏட்டய்யா, குத்தகைக்காரரு வீசச் சொல்றாக. கேட்டுக்கிட்டீகளா?"

ஏட்டு குத்தகைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்களேதான் சொல்றீங்களா?"

"நான்தான்யா சொல்றேன்! வீசச் சொல்லுய்யா!"

"அப்ப எனக்குக் கேஸு ஒண்ணும் இல்ல" என்று ஏட்டு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

அத்தான் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி வீசினார்.

அக்கா என் கையை விட்டாள். விட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது. அத்தனை சனமும் ஒரே கூச்சலாகத் தண்ணீரில் பாய்ந்தது. ஆண், பெண், கிழடு, குஞ்சு என்று வித்தியாசமே இல்லை. கண்மாயே சேறாகிவிட்டது. விராலும் கெளுத்தியும் குரவையும் வந்தன. திடீரென்று ஒருத்தர் பிள்ளையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் ஒரு கட்லாவைத் தூக்கினார். கரையே ஆர்ப்பரித்தது. "சர்க்கார் மீனுடோய்!" இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். "நான் விட்ட குஞ்சு! நான் விட்ட குஞ்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

இழுவலை என்ன ஆனது என்கிறீர்களா? இத்தனை கால்களுக்கு நடுவில் அதை எங்கே இழுப்பது? பத்தடி போவதற்குள் சிக்கிக்கொண்டது. கூலியாட்கள் அதை அப்படியே போட்டுவிட்டு, கிடைத்த கூடையை வாங்கிக்கொண்டு தாங்களும் பிடிக்கப் போய்விட்டார்கள்.

எனக்கும் கை அரித்தது. பக்கத்தில் ஒரு பெண் பெரிய விராலோடு ஏறி வந்தாள். பழக்க தோஷம், "என்ன விலை சொல்ற?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊரு நீங்க?" என்றாள். பிறகு அந்த மீனை என் மடியில் போட்டுவிட்டு, மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். நான் வெட்கம் பிடுங்கித் தின்ன அங்கேயே நின்றேன்.

எல்லாம் அடங்கியபோது கரையில் வெறுங்கையோடு இருந்தவர் ஒரே ஒருத்தர், குத்தகைக்காரர். அத்தான் அதைப் பார்த்தார். தன் பங்கில் ஒரு கட்லாவை எடுத்துக்கொண்டு போய் லாரியின் ஐஸ்மேல் வைத்தார். அடுத்து கருப்பையா இரண்டு கெளுத்தி போட்டார். பிறகு வரிசையாக வந்தார்கள். போகிறபோது ஆளுக்கு ஒன்று. லாரியில் பாதி நிறைந்துவிட்டது.

"வந்தவுக வெறுங்கையோட போகப்படாது. ஆனா விக்கப்படாது பார்த்துக்கங்க" என்றார் அத்தான். இன்ஸ்பெக்டரிடம், "திட்டம் நல்ல திட்டந்தான் சார். வருசா வருசம் குஞ்சு விடுங்க, நாங்க காவல் காக்குறோம். வருசா வருசம் வாங்க. குத்தகை வேணாம்னு இப்ப எழுதித் தரணும்னாலும் ஊரோட கைநாட்டு வச்சுத் தாறோம்" என்றார். எழுதித் தாருங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர், சேற்றுக் கையோடு.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கர்வத்தை எப்படிச் சொல்வேன்! இவர் என் அத்தான், இது என் அக்கா ஊர் என்று அறிமுகமில்லாத நாலு பேரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

அத்தான் எனக்காக வாங்கி வைத்திருந்த ஆட்டுக்கல்லை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் காரைக்குடி லாரி ஆபீஸில் சேர்த்தால்தான் கப்பலுக்குப் போய்ச் சேரும். பஸ் கண்டக்டர் கல்லைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். வேறு வழியில்லாமல், பினாங்கில் என் சாப்பாட்டுக் கடைக்கு வாங்கிய கல் என்று சொல்லி, குத்தகைக்காரரிடமே லாரியில் இடம் கேட்டேன். ஏறிக்கொள்ளுங்கள் என்று தலையை மட்டும் ஆட்டினார். கல் பின்னால், நான் முன்னால், டிரைவருக்கும் அவருக்கும் நடுவில். மறுநாள் திரும்பி வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சட்டியில் மசாலா வாசம் கிளப்பிக்கொண்டே கையசைத்தாள்.

திருப்பத்தூர் தாண்டினோம். வழியெல்லாம் ஒவ்வொரு ஊரிலும் மீன்குழம்பு கொதிக்கிற வாசனை. காரைக்குடியில் என் கல்லை இறக்கினார்கள். "தனியா எங்கே போவீங்க, புதுவயல்ல ஆளை இறக்கிட்டு வர்றப்ப எனக்குத் தெரிஞ்சவங்க வீட்டுல உங்களை விட்டுட்டுப் போறேன்" என்றார் குத்தகைக்காரர். மறுபடி ஏறிக்கொண்டேன்.

மீன் சந்தைக்குத் திரும்புகிற இடம் வந்தது. "நிறுத்து" என்றார்.

டிரைவர் நிறுத்தினான். ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. "அண்ணே, சந்தைக்குன்னா நான் இங்கயே எறங்கிக்கிறேன். வேற ஆளை வச்சு ஓட்டிக்கங்க" என்றான். பின்னால் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த கூலியாட்களும் இறங்குவதற்கு எழுந்துவிட்டார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களும் வியாபாரிதானே? சொல்லுங்க."

"மதியம் விலை கேட்டு ஒருத்திகிட்ட நான் பட்டது போதும்யா. என்னைக் கேக்காதீங்க" என்றேன்.

சந்தைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போ, நேரா புதுவயலுக்கு" என்றார்.

புதுவயலில் மில் வாசலில் லாரி நின்றபோது வேலை விட்டு சனம் வந்துகொண்டிருந்தது. தலையெல்லாம் உமித் தூசி. குத்தகைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே லாரிமேல் ஏறினார். குனிந்து குனிந்து மீனை எடுத்து நீட்டிய கைகளில் கொடுத்தார். வெள்ளைச் சட்டை நாறிப்போயிற்று. ஒரு பெண் பெரிய கட்லா ஒன்றைத் தொட்டுப் பார்த்து, இது என்ன விலை என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து நின்று மில்லே அதிரும்படி கத்தினார். "விலை கேக்குறவங்களுக்கு மீன் கிடையாது! இது பூலாங்குடிக் கண்மாய் மீனு!"